கார் வளைவில் சுற்றுகிறதா? வீலை மாற்றுவதற்கு முன் பிரேக் காலைப் பாருங்கள்

கல்முனையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கார் கேம் ஓட்டுகிற ஜி29 ஸ்டியரிங் வீலும் பெடலும் வாங்கி நாலு மாதம் ஆகிறதாம், அசெட்டோ கோர்சா என்கிற கார் ரேஸ் கேமில் மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ பிராண்ட்ஸ் ஹட்ச் சின்னப் பாதையில் ஓட்டுகிறார், கூட ஓடுகிற கூட்டாளியை விட ஒரு சுற்றுக்கு மூன்று செக்கன் பின்னால் நிற்கிறார். வளைவுக்குள் போகும்போது சில தடவை கார் திரும்பாமல் நேரே புல்லுக்குப் போகிறது, சில தடவை பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்துவிடுகிறது. யூடியூப்பில் கிடைத்த செட்டப் (காரின் ஸ்பிரிங், பிரேக் மாதிரியானவற்றை மாற்றுகிற அளவுகள்) எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டார். "அண்ணன், வீலை மாற்றட்டுமா, செட்டப்பை மாற்றட்டுமா?" இதுதான் கேள்வி.

தம்பி, இரண்டும் வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். நீங்கள் அனுப்பிய வீடியோவை நாலு தரம் ஓடவிட்டேன். காரை விட, கால் எவ்வளவு மிதிக்கிறது என்று திரை மூலையில் காட்டுகிற பெடல் பட்டையைத்தான் கூடுதலாகப் பார்த்தேன். ட்ரூயிட்ஸ் வளைவுக்கு வரும்போது பிரேக்கின் சிவப்புப் பட்டை சட்டென்று மேலே போகிறது. அது நல்லது, அப்படித்தான் மிதிக்க வேண்டும். கொஞ்ச நேரம் உச்சியில் நிற்கிறது. மறுகா கண் மூடித் திறப்பதற்குள் பூச்சியத்துக்கு விழுகிறது, காலைத் தூக்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங் திரும்பத் தொடங்குகிறது. திருப்பியும் மூக்கு உள்ளே வரவில்லை, இன்னும் திருப்புகிறீர்கள், அப்போதும் வரவில்லை, பயந்துபோய் கொஞ்சம் கொடுத்திருந்த அக்சிலேட்டரையும் விடுகிறீர்கள், அந்த நேரம் பார்த்து முன் ரயர் பிடித்துக்கொள்கிறது, கையில் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சின திருப்பம் கிடக்கிறது, கார் விசுக்கென்று உள்ளே பாய பின்பக்கம் வெளியே போகிறது. நேரே போவதும் சுற்றுவதும் உங்களுக்கு இரண்டு வேறு பிரச்சினை மாதிரித் தெரிகிறது. எனக்கு ஒன்றுதான் தெரிகிறது: பிரேக்கை எப்படி மிதிப்பது என்று பழகிவிட்டீர்கள், எப்படி விடுவது என்று இன்னும் பழகவில்லை.

ஏன் அப்படி நடக்கிறது என்று விளங்கினால் கால் தானாகப் பழகும், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மட்டக்களப்பில் இருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் தயிர்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போன ஆட்களுக்கு இது உடனே பிடிபடும். பஸ் பிரேக் போட்டால் உடம்பு முன்னுக்குப் போகும், சட்டியும் முன்னுக்குச் சரியும், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வோம். அது பரவாயில்லை, பிரேக் வருவது முன்னமே தெரியும். சிக்கல் பஸ் நிற்கிற கடைசி நொடியில்தான். கைதேர்ந்த சாரதி அந்த இடத்தில் பெடலை மெல்ல மெல்ல விடுவார், பஸ் எப்போது நின்றது என்றே தெரியாது. மற்றவர் கடைசிவரை அழுத்திப் பிடித்திருப்பார், பஸ் குலுங்கி நிற்க, முன்னுக்குப் போயிருந்த உடம்பு ஒரேயடியாகப் பின்னுக்கு வந்து சீற்றில் மோதும், சட்டியின் ஓரத்தில் நின்ற தயிர்த்தண்ணி சாரத்தில் ஊற்றும்.

உங்கள் காரிலும் அதேதான். எம்எக்ஸ்-5 ஓட்டுநரோடு சேர்த்து ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். முழு பிரேக் போடும்போது அதில் ஏறக்குறைய 200 கிலோ பின்சில்லுகளில் இருந்து முன்சில்லுகளுக்கு மாறுகிறது, மூன்று நெல் மூடையைத் தூக்கி பொனற்றில் வைத்த கணக்கு. ரயர் ஒன்று எவ்வளவு பாரத்தோடு நிலத்தில் அழுந்துகிறதோ அவ்வளவுக்கு அதற்குப் பிடி கூடும். ஆக, பிரேக் போட்ட காரின் முன்பக்கம் திரும்புவதற்கு மிகவும் தயாராக இருக்கிறது, அந்த மூன்று மூடையும் முன்னுக்கு இருக்கிற நேரம்தான் திருப்புவதற்கு உகந்த நேரம். நீங்கள் செய்வது, மூடையை எல்லாம் ஒரேயடியாகப் பின்னுக்கு எறிந்துவிட்டு, பாரம் இல்லாத முன் ரயரைப் பார்த்து "இப்போது திரும்பு" என்று சொல்வது. அது எப்படித் திரும்பும்?

"அப்படியென்றால் பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டே திருப்பலாமே" என்று கேட்பீர்கள். அதுவும் ஏலாது. ரயரிடம் இருக்கிற பிடி ஒரு அளவுதான், அதை பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்கு போட வேண்டும். முழுப் பிடியையும் பிரேக் தின்றுவிட்டால் திருப்பத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை, சில்லு சுற்றாமல் இறுகிப்போய் ரயர் நேரே வழுக்கும். ஆனால் இந்தப் பங்கு நேர்க்கணக்கு கிடையாது, வட்டக் கணக்கு. பாதிப் பிடியை பிரேக்குக்குக் கொடுத்தால் திருப்பத்துக்கு மிச்சம் பாதி என்று நினைப்போம், உண்மையில் 87 வீதம் மிச்சம் இருக்கும். பிரேக்குக்கு 30 வீதம் கொடுத்தால் திருப்பத்துக்கு 95 வீதம் இருக்கும். இதை முதன்முதல் கொப்பியில் போட்டுப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வளைவுக்குள் கொஞ்சம் பிரேக் வைத்திருப்பதற்கு ரயர் கேட்கிற விலை அவ்வளவு சின்னது, கிடைக்கிறதோ முன்பக்கத்துப் பாரத்தில் ஒரு பங்கு. பெடல் பட்டையில் தெரிகிற எண் அப்படியே பிடியின் எண் கிடையாதுதான், ஆனாலும் போக்கு இதுதான். பிரேக்கை வளைவின் உள்ளே வரைக்கும் தேய்த்துக் கொண்டுபோகிற இந்த முறைக்குத்தான் ட்ரெயில் பிரேக்கிங் என்று பெயர்.

சரி, ட்ரூயிட்ஸில் இதை எப்படிச் செய்வது? பிராண்ட்ஸ் ஹட்ச் இங்கிலாந்தில் கென்ற் பக்கம் இருக்கிற பாதை, 1964க்கும் 1986க்கும் இடையில் 12 தடவை பிரித்தானிய ஃபோர்முலா 1 போட்டி அங்கே நடந்தது. நீங்கள் ஓட்டுகிற சின்ன வடிவத்துக்கு இண்டி என்று பெயர், இரண்டு கிலோமீற்றர் கூட இல்லை. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் குறைவு என்று நினைக்கிறேன், ஒரு நிமிடத்துக்கொரு தடவை அதே வளைவு திரும்ப வந்து நிற்கும். ட்ரூயிட்ஸ் மேட்டில் ஏறிப்போய் வலப்பக்கம் முழுதாக மடங்குகிற ஊசி வளைவு. ஏற்றத்தில் பிரேக் போடுவதால் நிறுத்துவது லேசு, தைரியமாக மிதிக்கலாம். கார் நேராக இருக்கும்போதே பட்டையை மேலே கொண்டுபோங்கள். வேகத்தில் பெரும்பகுதி குறைந்ததும், இன்னும் ஸ்டியரிங்கைத் தொடாமல், காலை மெல்லத் தளர்த்தத் தொடங்குங்கள். பட்டை பாதிக்கு வரும்போது ஸ்டியரிங் மெதுவாகத் திரும்ப ஆரம்பிக்கட்டும். மறுகா கை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்குக் கால் மேலே வர வேண்டும். கிணற்றில் வாளியை இறக்குகிற மாதிரி, கயிற்றை விட்டு விட்டு, கைநழுவ விடாமல். வளைவின் உள்விளிம்பை, ஏபெக்ஸ் என்கிறார்களே அந்த இடத்தை, தொடுகிற நேரம் பட்டை பூச்சியத்துக்கு வந்திருக்க வேண்டும், அதற்கு முன் வேண்டாம்.

முதல் இருபது சுற்றும் மோசமாகத்தான் வரும். முன் ரயர் இறுகும், அல்லது பின்பக்கம் உதறும். அப்போது பயந்து பழைய பழக்கத்துக்குத் திரும்ப வேண்டாம். வழக்கமாகப் பிரேக் பிடிக்கிற இடத்துக்குப் பத்து மீற்றர் முன்னாலேயே பிடியுங்கள், முழுதாக மிதிக்காமல் எழுபது வீதத்தோடு நிறுத்துங்கள், நேரத்தைப் பார்க்கவே வேண்டாம், நேரம் காட்டுகிற பெட்டியைத் திரையில் இருந்து எடுத்துவிடுங்கள். விடுகிற நீளம் ஒன்றை மட்டும் பாருங்கள். நான் வாய்விட்டு எண்ணுவேன், "ஒன்று, இரண்டு, மூன்று" என்று, மூன்று சொல்லும்போது கால் மேலே வந்திருக்க வேண்டும். வீட்டில் ஆட்கள் என்ன இது என்று பார்ப்பார்கள், அதைப் பொருட்படுத்தாதீர்கள். எனக்கு இது காலில் வர ஒரு மாரி முழுக்கப் போனது, பின்னேரம் மழை கொட்ட வெளியே போக வழியில்லாமல் மட்டக்களப்பு கல்லடியில் வீட்டுக்குள் இருந்து இதே ட்ரூயிட்ஸைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திடீரென்று கார் கையை எதிர்பார்க்காமல் தானாகக் கிறுகினது. கிறுகுதல் என்று எங்கள் பக்கத்தில் சொல்கிறோமே, அதற்கு அன்றைக்குத்தான் முழு அர்த்தம் தெரிந்தது: ஸ்டியரிங்கில் பெரிதாக எதுவும் செய்யாமலே மூக்கு உள்ளே போகும், பின்பக்கம் அளவாகத் தொடர்ந்து வரும். அந்த உணர்வு ஒரு தடவை கிடைத்தால் பிறகு மறக்காது.

பின்பக்கம் சுற்றுவதற்கு உங்கள் வீடியோவில் இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கியர். பாடொக் ஹில் வளைவில் நீங்கள் கியரை மிகவும் சுறுக்காகக் குறைக்கிறீர்கள். எம்எக்ஸ்-5இல் எஞ்சின் பின்சில்லுகளைத்தான் சுற்றுகிறது, ஆகவே எஞ்சின் இழுத்துப் பிடிக்கிற பிரேக்கும் பின்சில்லில் மட்டும்தான் விழும். வேகம் குறைய முன்னமே கியரைக் கீழே போட்டால் பின்சில்லுக்கு மட்டும் ஹான்ட்பிரேக் இழுத்த மாதிரி ஆகும், அதுவும் பாரம் எல்லாம் முன்னுக்குப் போய் பின்பக்கம் லேசாகி நிற்கிற நேரத்தில். எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கள், அது இறங்கி வந்த பிறகு கியரை மாற்றுங்கள். கியர் மாற்றுகிற வேலை எல்லாம் ஸ்டியரிங் திரும்ப முன்னமே முடிந்துவிட்டால் இன்னும் நல்லது.

பாடொக் ஹில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், புதிதாக ஓட்டுகிறவர்களை அதிகம் பயமுறுத்துகிற வளைவு அது. நேர்பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்ன மேடு, அதன் உச்சியைத் தாண்டும்போது கார் லேசாகும், வளைவின் உள்விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, தெரிய முன்னமே திருப்பத் தொடங்க வேண்டும். திருப்பினதும் பாதை காலுக்குக் கீழே இருந்து கழன்று போகிற மாதிரிப் பள்ளத்தில் விழும். எல்லாரும் அந்த இடத்தில்தான் பயந்து அக்சிலேட்டரை முழுதாக விடுவார்கள், விட்டதும் பாரம் முன்னுக்குப் போகும், பின்பக்கம் சுற்றும். பள்ளத்தின் அடியில் பாதை திரும்ப மேலே வளைகிறது, அந்த இடத்தில் கார் நிலத்தோடு அழுந்தும், பிடி கூடும். அதனால் மேட்டில் பொறுமையாக இருந்து, கொஞ்சம் பிரேக்கை உள்ளே வரைக்கும் வைத்திருந்து, பள்ளத்தில் இறங்குகிற நேரம் காலை லேசாக அக்சிலேட்டரில் வைத்தீர்கள் என்றால், கார் அடியில் போய் உட்கார்ந்த உடனே முழுதாகக் கொடுக்கலாம். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கப் பார்க்கக் கூடாது, குறைக்க வேண்டியதை மேட்டிலேயே குறைத்துவிட வேண்டும். ட்ரூயிட்ஸ் முடிந்து கிரஹாம் ஹில் வளைவுக்கு இறங்குகிற இடத்திலும் இதே எச்சரிக்கைதான்.

இனி முன்பக்கம் வழுக்குகிறதை எப்படி முன்கூட்டியே அறிவது என்று பார்ப்போம். கை சொல்லும். ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு போகும்போது பாரம் கூடிக்கொண்டே வரும், ஒரு இடத்துக்குப் பிறகு அந்தப் பாரம் மெல்லக் குறையும், கையில் பஞ்சு மாதிரி ஆகும். நிலத்தில் பதிந்த ரயரின் பகுதி முறுக்குண்டு சில்லைத் திரும்ப நேராக்கப் பார்க்கிற விசைதான் கையில் பாரமாகத் தெரிவது, ரயரின் பிடி உச்சத்துக்கு வருவதற்குச் சற்று முன்னமே அந்த விசை குறையத் தொடங்கிவிடும். ஆக, வீல் லேசாகத் தொடங்கினால் எல்லை வந்துவிட்டது என்று கார் சொல்கிறது, அதற்குமேல் திருப்பினால் பிடி கூடாது, குறையும். அந்த இடத்தில் மனசுக்கு எதிராகச் செய்ய வேண்டும்: கார் வெளியே போகிறது, கண்ணுக்கு முன்னால் புல் வருகிறது, ஆனாலும் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்க வேண்டும். கொஞ்சம்தான், ஒரு கைவிரல் அகலம். ரயர் திரும்பப் பிடிக்கும்.

இதை உணர்வதற்கு ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை, வீலுக்குள் இருக்கிற மோட்டர் கைக்குக் கொடுக்கிற விசையை, அளவாக வைத்திருக்க வேண்டும். கடுமையாக இருந்தால்தான் உண்மையான கார் மாதிரி இருக்கும் என்று நினைத்து எல்லாரும் அதை நூறுக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஜி29இன் மோட்டர்கள் சின்னவை. அவற்றால் கொடுக்க ஏலாத விசையைக் கேட்டால், பெரிய விசை எல்லாம் ஒரே அளவாகத் தட்டையாகிவிடும், பாரம் கூடினதும் தெரியாது, குறைந்ததும் தெரியாது. அசெட்டோ கோர்சாவில் பெடல் பட்டைக்குப் பக்கத்தில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் ஒரு சாம்பல் பட்டை உண்டு, அது சிவப்பாகிறதா என்று பாருங்கள். வளைவு முழுக்கச் சிவப்பாக நின்றால் குறையுங்கள், பாதையோரத்துக் கர்ப் கல்லில் ஏறும்போது மட்டும் எப்போதாவது சிவப்பானால் போதும்.

பின்பக்கம் போகும்போது பிடிப்பது பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள், நான் இரண்டே விஷயம் சொல்கிறேன். கார் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பாருங்கள், வீலைக் கெட்டியாகப் பிடிக்காமல் கைக்குள் ஓடவிட்டால் அதுவே எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கும், நீங்கள் அதற்குத் துணை போனால் போதும். இரண்டாவது விஷயத்தில்தான் அனேகமானவர்கள் கோட்டை விடுகிறார்கள்: பின்பக்கம் திரும்பப் பிடிக்கிற அந்த நொடியிலேயே, எதிர்ப்பக்கம் போட்ட திருப்பத்தைச் சுறுக்காக எடுத்துவிட வேண்டும். எடுக்கப் பிந்தினால் கார் மற்றப் பக்கம் இன்னும் வேகமாக வீசும், அந்த இரண்டாவது வீச்சைப் பிடிப்பது கஷ்டம். கூப்பர் நேர்பாதையில் நீங்கள் இடப்பக்கச் சுவரில் போய் முட்டினது இப்படித்தான்.

பாதையைத் தெரிவு செய்வது பற்றியும் கொஞ்சம். வளைவில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பது அதன் ஆரையில் தங்கியிருக்கிறது. ரயரின் பிடி புவியீர்ப்பின் அளவுக்குச் சமம் என்று வைத்தால், 50 மீற்றர் ஆரையுள்ள வளைவில் மணிக்கு 80 கிலோமீற்றர் போகலாம். பாதையின் முழு அகலத்தையும் பயன்படுத்தி, வெளியே இருந்து உள்ளே போய்த் திரும்ப வெளியே வந்து, அந்த ஆரையை 60 மீற்றர் ஆக்கினால் 87 வரைக்கும் போகலாம். ஒன்றுமே மாற்றாமல், பாதையின் ஓரத்தை மட்டும் பயன்படுத்திக் கிடைத்த ஏழு கிலோமீற்றர். உங்கள் வீடியோவில் ட்ரூயிட்ஸுக்குப் போகும்போது இடப்பக்கம் ஒரு கார் அகலம் சும்மா கிடக்கிறது. திரும்புவதற்கு முன் சில்லு வெள்ளைக் கோட்டில் இருக்க வேண்டும், வெளியேறும்போது மற்றப் பக்கத்துக் கர்ப்பில் இருக்க வேண்டும். மறுபக்கம் பார்த்தால், வேகத்தை ஐந்து வீதம் கூட்டினாலே பத்து வீதம் கூடுதல் பிடி வேண்டும், தேவைப்படுகிற பிடி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. "கொஞ்சம்தானே கூடப் போனேன்" என்று நினைக்கிற நேரம் கார் ஏன் இவ்வளவு தூரம் வெளியே போகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

உள்விளிம்பை நீங்கள் தொடுகிற இடம் கொஞ்சம் முந்திப் போகிறது, அதையும் கவனியுங்கள். முந்தித் தொட்டால் வெளியேறும்போது பாதை முடிந்துவிடும், அக்சிலேட்டரை விட வேண்டிவரும். நேர்பாதைக்குப் போகிற கிளார்க் வளைவில் அது பெரிய நட்டம், வெளியேறுகிற வேகம் அந்த நேர்பாதை முழுக்கக் கூட வரும். சோதனை சுலபம்: உள்விளிம்பைத் தாண்டின பிறகு ஸ்டியரிங்கை இன்னும் கூடத் திருப்ப வேண்டி வந்தால் நீங்கள் முந்திவிட்டீர்கள். தாண்டினதும் கை நேராகிக்கொண்டே வந்தால் சரி.

இனிக் கண். புதியவர்கள் எல்லாரும் பொனற்றுக்கு முன்னால் இருக்கிற பத்து மீற்றரையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள். 1924இல் கட்டின பழைய கல்லடிப் பாலத்தில் வாகனம் ஓட்டின ஆட்களைக் கேளுங்கள். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுக்கம், 2013இல் புதுப்பாலம் திறக்கும்வரை அதுதான் வழி. பாலத்தில் ஏற முன்னமே கண் மறுகரையில் இருக்கும், அங்கே வாகனம் ஏறிவிட்டதா என்று பார்த்துத்தான் இந்தப் பக்கத்தில் முடிவெடுப்போம், கை தன் பாட்டில் காரை நடுவில் வைத்துக்கொள்ளும். அதே பார்வைதான் இங்கேயும் வேண்டும். பிரேக் போடும்போது கண் உள்விளிம்புக்குப் போக வேண்டும், உள்விளிம்புக்குக் கார் போகும்போது கண் வெளியேறும் கர்ப்புக்குப் போயிருக்க வேண்டும். மணிக்கு 160இல் ஒரு செக்கனுக்கு 44 மீற்றர் போகிறீர்கள், காலுக்குக் கீழே பார்த்து எடுக்கிற முடிவு எல்லாம் பிந்திய முடிவு.

பார்வை என்றதும் திரைக் கோணத்தையும், அதாவது கேம் எவ்வளவு விரிந்த காட்சியைத் திரையில் காட்டுகிறது என்பதையும், சொல்ல வேண்டும், இதை மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள். உங்கள் திரை 24 அங்குலம் என்று சொன்னீர்கள், அதன் உயரம் சுமார் 30 சென்ரிமீற்றர். கண்ணில் இருந்து 60 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்திருந்தால் சரியான செங்குத்துக் கோணம் 28 பாகை, அசெட்டோ கோர்சா கேட்கிற எண் அந்தச் செங்குத்துக் கோணம்தான். முதலில் யன்னல் ஓட்டையால் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும், வேகமே இல்லாத மாதிரியும் தோன்றும். ஒரு கிழமை பொறுத்துக்கொள்ளுங்கள். வளைவு இருக்கிற தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும், பிரேக் பிடிக்கிற இடம் சுற்றுக்குச் சுற்று மாறாது. 28 ஏலாது என்றால் 35க்கு மேல் போகாதீர்கள்.

செட்டப்பில் ஒன்றே ஒன்றுக்கு அனுமதி தருகிறேன், பிரேக் பங்கு, அதாவது பிரேக் விசை முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் பிரிகிற அளவு. பிரேக் வைத்துக்கொண்டு திரும்பும்போது பின்பக்கம் உதறினால் ஒன்றிரண்டு வீதம் முன்னுக்குத் தள்ளுங்கள். கால் பழகப் பழக அதைத் திரும்பப் பின்னுக்குக் கொண்டுவரலாம், கொண்டுவந்தால் கார் இன்னும் நன்றாகக் கிறுகும். ஸ்பிரிங், டாம்பர், கேம்பர் எல்லாம் மூன்று செக்கன் பின்னால் நிற்கிற ஆளுக்குத் தேவையே இல்லை. ஒரே மாதிரிப் பத்துச் சுற்று, ஒன்றுக்கொன்று ஒரு செக்கனில் பத்தில் மூன்று பங்குக்குள் வரும்வரைக்கும், அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றும் வேறு மாதிரி ஓட்டினால் செட்டப் மாற்றினது நல்லதா கெட்டதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இது கேம்தானே, இவ்வளவு தேவையா என்று கூட்டாளி கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மக்ஸ் வெர்ஸ்டப்பன் ஃபோர்முலா 1 உலகச் சம்பியன் ஆன பிறகும் வீட்டில் இருந்து இப்படியான சிம், அதாவது நிஜம் மாதிரியான ரேஸ் கேம், ஓட்டுகிறார். கிரான் துரிஸ்மோ என்கிற கார் கேம் ஓட்டி, கேம் ஓட்டுகிறவர்களில் இருந்து ரேஸ் ஓட்டுநரைத் தேடின ஜிரி அகடமி போட்டியில் 2011இல் வென்று உண்மையான ரேஸ் காருக்குள் போனவர் யான் மார்டன்பரோ. எங்கள் கிழக்குப் பக்கத்துப் பொடியன்களுக்கு ரேஸ் பழக ஒரு பாதை இல்லை, ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போய் மகாகஸ்தோட்ட மலையேற்றத்தைப் பார்த்துவிட்டு வருவதோடு சரி. இருக்கிற ஒரே பாதை இந்தத் திரைதான், அதில் பழகுவதை ஒழுங்காகப் பழகுவோம். ஆனால் தம்பி, இங்கே பழகினதை ஏ4 வீதியில் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. அங்கே மாடு படுத்திருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள், ரீசெட் பொத்தானும் கிடையாது.

கடைசியாகப் பெடல். கால் மெல்ல விடுவதற்குப் பெடல் அசையாமல் இருக்க வேண்டும். டைல்ஸ் தரையில் பெடல் பின்னுக்கு வழுக்கினால் சுவரோடு ஒரு பலகை முட்டுக்கொடுங்கள், சில்லுள்ள கதிரை என்றால் அதைப் பெடலோடு கயிற்றால் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஊரில் ஒரு தச்சரைப் பிடித்து மரத்தில் ஒரு சட்டம் அடித்துக்கொள்ளுங்கள், கதிரையும் பெடலும் வீலும் ஒரே சட்டத்தில் நிற்கிற மாதிரி. ஜி29இன் பிரேக்குக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது, அதனால் கடைசிப் பகுதி கடினமாக இருக்கும். சிலர் அதைக் கழற்றச் சொல்வார்கள், கழற்ற வேண்டாம். நாங்கள் பழகப்போவது அழுத்தத்தை அளக்க, தூரத்தை அளக்க அல்ல, அந்தக் கடினம் உதவி செய்யும். முழுதாக மிதிக்கவே ஏலாமல் இருந்தால் கேமில் பிரேக்கின் உச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

எங்களைப் போலக் கடற்கரையோரம் இருக்கிற ஆட்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு, உப்புக்காற்று. இந்தப் பெடல்களுக்குள் இருக்கிறது தேய்ந்து தேய்ந்து அளக்கிற சின்ன உணரி, தூசியும் உப்பும் ஏறினால் நீங்கள் காலை அசைக்காமலே பட்டை துடிக்கும். எனக்கு ஒரு வருடம் கழித்து அப்படித்தான் வந்தது, இரண்டு கிழமை என் காலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெடலைப் பாதியில் அசையாமல் பிடித்துக்கொண்டு திரையைப் பாருங்கள். பட்டை நடுங்கினால், எலக்ட்ரோனிக்ஸ் சாமான் விற்கிற கடையில் கொன்ராக்ட் கிளீனர் ஒரு டின் வாங்கி, வயரைக் கழற்றிவிட்டு, உணரிக்குள் கொஞ்சம் அடித்து, பெடலை முப்பது நாற்பது தடவை மிதித்து விடுங்கள். காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஓட்டாத நேரம் ஒரு துணியால் மூடி வைத்தால் நீண்ட நாள் தாங்கும்.

இந்தக் கிழமை ட்ரூயிட்ஸ் மட்டும் ஓட்டுங்கள், அடுத்த கிழமை பாடொக் ஹில். பிறகு பெடல் பட்டை தெரிகிற மாதிரி இன்னொரு வீடியோ அனுப்புங்கள், சிவப்புப் பட்டை எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.